கீழ்க்குரல்காரி

பகலில் ஒரு டான்ஸ் கிளப்பைப் பார்ப்பது கல்யாண மண்டபத்தை மறுநாள் காலையில் பார்ப்பது மாதிரிதான் என்று ஹெப்சிபா நினைத்தாள், நினைத்ததும் இதை ஏதாவது ஒரு பேட்டியில் சொல்லலாமே என்று தோன்றியது, பேட்டி எடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. சாயந்திரம் நீலமும் ஊதாவுமாகச் சுற்றப்போகிற இடத்தில் இப்போது வெறும் ட்யூப்லைட். பினாயில் வாசனை, அதற்கு அடியில் நேற்று யாரோ சிந்திய பீரின் புளித்த வாசனை, ஏசி இன்னும் போடவில்லை. நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த பார் ஸ்டூல் உயரம், கால் தரையில் எட்டவில்லை, நாற்பத்தொரு வயசில் கால் ஆட்டிக்கொண்டு உட்காருவது ஒரு மாதிரி இருந்தாலும் ஆட்டாமல் இருக்க முடியவில்லை. பாருக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். எங்கேயோ பார்த்த முகம் என்கிற பார்வை. அப்புறம் பழத்துக்கே திரும்பிவிட்டான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கம். ‘ஆறு ஜடை’ என்று சொன்னால் அவன் முகத்தில் பல்ப் எரியும், ஹெப்சிபா என்று சொன்னால் எரியாது. ஆறு ஜடை என்பது மூன்று பெண்கள், ஆளுக்கு இரண்டு ஜடை, சிவப்பு ரிப்பன். ஒரு டிவி சேனல் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த கூட்டம், இருபத்தெட்டு வயசு வரைக்கும் ஸ்கூல் பிள்ளை வேஷம். நடுவில் மேனகா, அவள்தான் பாட்டு. இடது பக்கம் ஃபர்ஹானா, அவள் ஆட்டம். வலது பக்கம் ஹெப்சிபா, அவள் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கே தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று, ‘வாட்ச்மேன் அண்ணா’. ஹாஸ்டல் கேட்டை மூடாதே என்று மூன்று பெண்கள் கெஞ்சுகிற பாட்டு. இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற ஊர் ஒன்று விடாமல் அதைப் பாடியாகிவிட்டது. எந்த வாட்ச்மேனும் மனசு மாறியதாகத் தகவல் இல்லை.

“ரெண்டே நிமிஷம்க்கா” என்றான் யுகன். அவன்தான் இந்தப் புதுப் பாட்டுக்கு மியூசிக் போட்டவன், தாடி வைத்தவன், கேபிள்களுக்கு நடுவே மண்டி போட்டிருந்தான். ரெண்டே நிமிஷம் என்பதை அவன் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும். அவளுக்கு அவசரமில்லை, அல்லது இருந்தது, இரண்டில் எது என்று வயிற்றைக் கேட்டால் தெரியும், வயிற்றை அவள் கேட்கவில்லை. ஆறு மணிக்குப் பாட்டு ரிலீஸ், இந்த மேடையிலிருந்து உலகத்துக்குப் போகிறது. ‘தனியாத்தான் வந்தேன்’. அவளே எழுதி, அவளே ட்யூன் போட்டு, அவளே பாடி, போஸ்டரில் அவள் ஒருத்தி மட்டும் வெள்ளி ஜாக்கெட்டில் நிற்கிற பாட்டு. இத்தனை வருஷம் ஸ்கூலில் பிள்ளைகளுக்கு மியூசிக் சொல்லிக்கொடுத்து, இடையிடையே அப்பள விளம்பரத்துக்கும் நகைக்கடைக்கும் பின்குரல் பாடி, இனி அவ்வளவுதான் என்று ஓய்ந்த நேரத்தில் இந்தப் பாட்டு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தாள், கையில் பிரஷ், வாயில் ட்யூன். யோசிக்கவில்லை, திருத்தவில்லை, பல்லவி முழுசாக அப்படியே இறங்கியது. கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து போனில் பதிந்தாள். ஜெபராஜிடம் போட்டுக் காட்டினாள். நல்லா இருக்கு என்றான். அவள் புருஷன் சாம்பாருக்கும் அதையே சொல்வான், டயர் பஞ்சருக்கும் ஏறக்குறைய அதையே சொல்வான், அதனால் அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. யுகன்தான் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். “இது எங்கருந்துக்கா புடிச்சீங்க?” என்றான். “உள்ளேயிருந்து வந்துச்சு” என்றாள். அந்தப் பதில் அவளுக்கே பிடித்துப்போனது, அதற்கப்புறம் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். ஸ்டுடியோவில் பாடும்போதும் பயமே இல்லை. மற்ற நேரங்களில் மைக் முன்னால் நின்றால் முதுகில் யாரோ கை வைக்க வேண்டும்போல இருக்கும், அன்றைக்கு அது தேவைப்படவில்லை. கூடவே யாரோ பாடுவதுபோல அவ்வளவு தைரியம். அதைத்தான் தன்னம்பிக்கை என்கிறார்கள் போலிருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

“போடறேன்க்கா” என்று யுகன் எழுந்தான், பாட்டு வந்தது. முதலில் வந்தது பாட்டுகூட இல்லை, தரை. தாளத்தின் அடி ஸ்டூலின் கால் வழியாக ஏறி இடுப்புக்கு வந்தது. கவிழ்த்த நாற்காலிகள் மேஜைமேல் லேசாக நடுங்கின, எலுமிச்சம்பழக்காரன் கத்தியை நிறுத்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாக இருந்தது, இவ்வளவு பெரிய சத்தத்துக்கு நான் காரணமா என்று சின்னப்பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். பிறகு அவள் குரல் வந்தது. தனியாத்தான் வந்தேன், தனியாத்தான் ஆடுவேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வரியில் ஏதோ காலியாக இருந்தது. ஸ்பீக்கரில் கோளாறா, ஒரு பக்கம் ஓடவில்லையா என்று அந்தப் பக்கம் பார்த்தாள், இரண்டு பக்கமும் ஓடியது. மூன்றாவது வரி. அவள் குரல் ஏறி, பாதி வழியில் நின்று, அங்கேயே காத்திருந்துவிட்டு இறங்கியது. எதற்காகக் காத்திருக்கிறது? யார் வருவதற்கு? கேட்ட மாத்திரத்தில் பதிலும் வந்தது, அவள் தலைக்குள் அந்தக் காலி இடத்தில் மேனகாவின் குரல் கச்சிதமாக வந்து உட்கார்ந்து பாடியது: வாட்ச்மேன் அண்ணா, வாட்ச்மேன் அண்ணா, கேட்டை மூடாதே. வார்த்தை வேறு, வேகம் வேறு, அடி முழுக்க வேறு, ஆனால் அது ஏறுகிற இடத்தில் இது ஏறி, அது இழுக்கிற இடத்தில் இது நின்று, ஒரு இழை பிசகாமல் கூடவே போனது. உள்ளேயிருந்து வந்த ட்யூன்தான், சந்தேகமில்லை. இத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது. வாட்ச்மேன் அண்ணாவுக்கு அடியில் அவள் பாடிய கீழ்க்குரல், அதே சுரம், அதே மூச்சு, ஒன்றுகூட மாறவில்லை. அதை எடுத்துத் தூசி தட்டி, வெள்ளி ஜாக்கெட் போட்டு, புதுப் பாட்டு என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இது முதல் தடவை இல்லை. பெரம்பூர் சர்ச் கொயரில் பத்து வயசிலேயே அவளை ஆல்டோவில், அதாவது கீழ்க்குரல் வரிசையில், போட்டுவிட்டார்கள், குரல் கனம் என்று. பாட்டின் ராகத்தை சொப்ரானோக்காரிகள் பாடுவார்கள், ஜன்னலோரம் நிற்பார்கள், காற்றும் அவர்களுக்கே வரும். ஆல்டோ அதற்குக் கீழே இரண்டு படி தள்ளி நடக்க வேண்டும், நடப்பது வெளியே தெரியக் கூடாது, நின்றுவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். கொயர் மாஸ்டர் சத்தியநேசன் ஆல்டோவைத் தனியாக உட்காரவைத்து மணிக்கணக்கில் பாடவைப்பார். அதனால் கிறிஸ்துமஸ் பாட்டுகள் எல்லாமே அவளுக்கு அந்த உருவத்தில்தான் மனப்பாடம். ஒரு டிசம்பரில் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டே பாடியபோது அம்மா அடுக்களையிலிருந்து, “நல்லாருக்கே, இது என்ன பாட்டுட்டீ?” என்று கேட்டாள். போன வாரம் முழுக்க அம்மாவே பாடிய பாட்டுத்தான் அது. பாட்டு என்றால் மேலே ஒன்று உண்டு, எல்லோரும் அதைத்தான் பாட்டு என்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அது அவமானமாக இருந்தது, துணியை அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். இப்போது போக மொட்டை மாடி இல்லை. தலைக்கு மேலே ஒன்பது மாடி ஹோட்டல் இருக்கிறது.

பாட்டு முடிந்தது, காதில் கூர்மையாக ஒரு ரீங்காரம் மிஞ்சியது. “எப்படிக்கா?” என்றான் யுகன், பதிலுக்குக் காத்திருக்காமல், “அந்த மூணாவது லைன்ல போய் நிக்குது பாத்தீங்களா, முடியாம நிக்குமே, அதான்க்கா ஹூக்கு, ஆளைப் புடிச்சு இழுக்கற இடம். தரமா இருக்கு” என்றான். அவனிடம் சொல்லலாமா? எப்படிச் சொல்வது? தம்பி, இது பாட்டு இல்லை, பாட்டின் அடிப்பாகம், மேல்பாகம் உனக்கும் தெரியும், நீ அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது ஆண்டு விழாவில் ரிப்பன் கட்டிய பிள்ளைகளுக்குப் பின்னால் வாட்ச்மேனாக நின்றேன் என்று நீயே சொன்னாயே, அதுதான். சொன்னால் நிறுத்திவிடுவான். நல்ல பையன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பான், பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட மாட்டான், பரவாயில்லைக்கா வேற பண்ணலாம் என்பான். வேறு ட்யூன் எங்கே இருக்கிறது? உள்ளே கைவிட்டால் இன்னொரு கீழ்க்குரல்தான் வரும், அதற்குக் கீழே கிறிஸ்துமஸ் பாட்டுகளின் கீழ்க்குரல் வரும், அடிவரை தோண்டினாலும் மேலே ஒருத்தி பாடக் காத்திருக்கிற பாட்டாகவே வரும். இதை நிறுத்தினால் அதோடு அவ்வளவுதான், நாளைக்கு மறுபடி அப்பளம். நிறுத்தாவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஃபர்ஹானா துபாயில் இருக்கிறாள், அவளுக்குத் தாளம் மட்டும்தான் கேட்கும், காலால் கேட்கிறவள். ஜனங்களுக்கு மேல்ராகம்தான் தெரியும். ஒரே ஒருத்தி கண்டுபிடிப்பாள், கேட்ட முதல் வரியிலேயே கண்டுபிடிப்பாள். அந்த ஒருத்தி இப்போது வந்துகொண்டிருந்தாள். சாயந்திரம் ஷூட்டிங் இருக்குடி, அதனால உன் சவுண்ட் செக்குக்கே வந்து கேட்டுட்டுப் போறேன் என்று காலையில்தான் மெசேஜ் போட்டாள். மேனகா இப்போது டிவியில் குட்டிப் பாடகர்களுக்கு நடுவர். ஏழு வயசுப் பிள்ளை அரை நூல் விலகினால் பட்டென்று கையைத் தூக்கி, “அந்த இடத்துல கொஞ்சம் இறங்கிட்டியே கண்ணா” என்பாள், பிள்ளையின் அம்மா கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைப்பாள். அந்தக் காது. அந்தக் காது இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும். முதல் வரியில் புருவம் ஏறும், இரண்டாவது வரியில் சிரிப்பு, மூன்றாவது வரியில் அவளே வாயைத் திறந்து மேலே பாடுவாள், அதைக் கேட்டு யுகன் திரும்புவான், எலுமிச்சம்பழக்காரன் முகத்தில் பல்ப் எரியும். ஹெப்சிபா இதையே திரும்பத் திரும்ப மனசில் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மேனகாவின் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அன்பாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. செல்லமாகக் கன்னத்தைத் தட்டி, அட பைத்தியமே என்பாள். கெட்டவளாக இருந்திருந்தால் சுலபம்.

மேனகா வந்தபோது செண்ட் வாசனை முதலில் வந்தது. கட்டிப்பிடித்தாள், “என்னடி இப்படி இளைச்சுட்ட, என்ன சாப்பிடற?” என்றாள், பதில் கேட்கவில்லை, யுகனுக்கு வணக்கம் வைத்தாள், எலுமிச்சம்பழக்காரன் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். எடுத்தபிறகு ஹெப்சிபாவைப் பார்த்து, “மேடம், நீங்களும் அந்த க்ரூப்தானே?” என்றான். “ஆமா, ரைட் சைடு” என்றாள் அவள். மேனகா தரையின் நடுவே போய் நின்றாள். எங்கே போனாலும் நடுவில்தான் நிற்பாள், வேண்டுமென்று செய்வதில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி கால் தானாகப் போகும். “போடுப்பா, கேப்போம்.” ஹெப்சிபா ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. பாட்டைக் கேட்கவில்லை, மேனகாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். மேனகா கழுத்தை ஆட்டிக்கொண்டு கேட்டாள். முதல் வரி. புருவம் ஏறவில்லை. இரண்டாவது வரி, கண்ணை மூடினாள். இதோ வந்துவிட்டது, கண்ணை மூடினால் தேடுகிறாள் என்று அர்த்தம், டிவியிலும் மூடித்தான் பிடிப்பாள். மூன்றாவது வரியில் குரல் ஏறிப் பாதியில் நின்றது, ஹெப்சிபா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேனகா வாயைத் திறந்தாள். “வாவ்” என்றாள். அவ்வளவுதான். பாட்டு முடியும்வரை ஆடினாள், முடிந்ததும் கைதட்டினாள். “ஹெப்ஸ், ப்ராமிஸா சொல்றேன்டி, புத்தம் புதுசா இருக்கு. இத்தனை வருஷத்துல நீ இந்த மாதிரி பாடி நான் கேட்டதே இல்ல.”

அது கண்ணாடி மாதிரி உண்மையான முகம். நடிக்கத் தெரியாதவள், ஒரு சினிமாவில் முயற்சி செய்து கெட்ட பெயர் வாங்கியவள். நிஜமாகவே கேட்டதில்லை. ஹெப்சிபாவுக்கு முதலில் மூச்சு வந்தது, தப்பித்தோம், ஆறு மணி பத்திரம் என்று உடம்பு முழுக்க லேசானது, லேசான கையோடு, கேட்டதே இல்லையா என்று ஒரு கேள்வியும் வந்து நின்றது. “ஆனா ஒண்ணு” என்றாள் மேனகா, அருகே வந்து, “அந்த மூணாவது லைனுக்கு மேல ஒரு ஹார்மனி போட்டா தூக்கிடும்டி. நான் வேணா பாடித் தரட்டுமா? அஞ்சு நிமிஷம், இங்கயே பதிஞ்சுக்கலாம். இரு, இப்படி” என்று கண்ணை மூடி முனகினாள். ஹெப்சிபா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வாட்ச்மேன் அண்ணா இல்லை. வேறெங்கோ போனது, அழகாகத்தான் போனது, ஆனால் இதற்கு உறவே இல்லாத ஒரு ராகம். ஊர் ஊராகத் தானே பாடிய பாட்டு, அது போய் உட்காரவேண்டிய இடம் காலியாக எதிரே கிடக்கிறது, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யுகன் ஆவலாகப் பார்த்தான், மேனகாவின் பெயர் பாட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், ஹெப்சிபாவுக்கும் தெரியும். “வேண்டாம் மேனு” என்றாள் ஹெப்சிபா. அவளிடம் அந்த வார்த்தையை இதற்குமுன் சொல்லியதாக ஞாபகம் இல்லை. “மேல ஒண்ணும் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.” மேனகா சிரித்தாள். “சரிங்க சோலோ மேடம்” என்று கன்னத்தைத் தட்டினாள். “அக்கா, அப்ப ஆறு மணிக்கு விட்டுடலாமா?” என்றான் யுகன். “விட்டுடு” என்றாள்.

பிறகு மைக்கைப் பிடித்து ஒருதரம் பாடிப் பார்க்கச் சொன்னார்கள். மேடையில் ஏறினாள். மேனகா கீழே நின்று, தன் ரசிகர்களுக்காக ஒரு வீடியோ எடுக்கப் போவதாகச் சொன்னாள். பக்கவாட்டு மேஜையில் இருந்த சவுண்ட்காரர், காலடியில் வைத்திருந்த மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டி, “மேடம், உங்களுக்கு இதுல யார் வாய்ஸ் வேணும்?” என்று கேட்டார். எந்த மேடையிலும் முதலில் கேட்கிற கேள்விதான், பாடுகிறவருக்கு மட்டும் கேட்கும்படி தருவார்கள், மற்ற சத்தத்தில் தடுமாறாமல் இருக்க. எத்தனை ஊரில் கேட்டிருக்கிறார்கள், ஈரோட்டில், நாகர்கோவிலில், மழையில் நனைந்த விழுப்புரத்தில். ஹெப்சிபாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: மேனகா வாய்ஸ் நிறைய, என்னது கொஞ்சம். மேலே போகிறவளைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குக் கீழே வழி தெரியும். மேனகாவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான், ஹெப்சிபா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஊரிலும் அதைக் கேட்டிருக்கிறாள், கேட்டும் காதில் வாங்கியதில்லை: என் வாய்ஸ் மட்டும் குடுங்கண்ணா, வேற யார்தும் வேண்டாம், கொழப்பும். தப்பே இல்லை. நடுவில் நிற்கிறவள் அப்படித்தான் கேட்பாள், கேட்க வேண்டும், அது தொழில். பதினோரு வருஷம் தோளோடு தோள் உரச நின்று பாடியதில் ஒரு ராத்திரிகூட அவள் இவள் குரலைக் கேட்கவில்லை. ஹெப்சிபாவுக்கு அழுகை வந்தது, நன்றாகவே வந்தது, மேடை விளக்கைப் பார்ப்பதுபோல முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். மேனகா சிரித்திருக்கலாம், அட பைத்தியமே, இது நீ எனக்குக் கீழே பாடினதாச்சே என்று கத்தியிருக்கலாம், எலுமிச்சம்பழக்காரன் முன்னால் மானம் போயிருக்கலாம், அதற்கு ஹெப்சிபா எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். “மேடம்?” என்றார் சவுண்ட்காரர். “என் வாய்ஸ்” என்றாள் ஹெப்சிபா, தொண்டையைச் செருமிக்கொண்டு. “என் வாய்ஸ் மட்டும் குடுங்க, வேற யார்தும் வேண்டாம்.” அவர் ஒரு குமிழைத் திருகினார். கீழே மேனகா போனைத் திருப்பி வைத்து அதில் தன் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள், இதுவும் அவள் காதில் விழவில்லை.